வெயிலைக் கேட்டுப் புறப்படு, தங்கச்சி

போன வருஷம் நீ ஜெர்மனியிலிருந்து ரெண்டு நாள் போலந்துக்குப் போனாயே, கிராக்கோவ் ஊருக்கு. அப்போது அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. ஊர் நடுவில் இருக்கிற மாதா கோயில் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருதரம் ஒருவர் எக்காளம் ஊதுகிறார், ராகம் பாதியில் பட்டென்று நின்றுவிடுகிறது என்று சொல்லி, அந்தச் சத்தத்தையும் பிடித்து அனுப்பியிருந்தாய். எதிரி விட்ட அம்பு கழுத்தில் பாய்ந்து ஊதுகிறவன் செத்துப்போனான், அவன் விட்ட இடத்திலேயே இன்றைக்கும் நிறுத்துகிறார்கள் என்று கதையும் சொன்னாய். அந்த ரெண்டு நாளுக்காக நீ ஒரு நோட்டே போட்டிருந்தாய். எந்த இடம் எப்போது திறக்கும், உப்புச் சுரங்கத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று எல்லாம் அதில் இருந்தது.

இப்போது, "அக்கா, தை மாசம் வர்றோம். ஊர்ப்பக்கம் ஒரு சனி, ஞாயிறுதான் கிடைக்கும். பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?" என்று கேட்கிறாய். அதே நோட்டை எடு. கிராக்கோவுக்கு எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் கோவில்பட்டி என்று எழுது. அந்த ஊருக்குக் கொடுத்த கவனத்தை நம் கரிசக்காட்டுக்கும் கொடு. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடக்கிற இடமாகத்தான் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியும். உன் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று எனக்கு ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. ஊரில் அக்கா இல்லாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பட்டியலை வெட்டு

வேன் பேசி, விடிகாலையில் கிளம்பி, கழுகுமலை, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, திருச்செந்தூர், முடிந்தால் குற்றாலம் என்று ஒரே நாளில் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வேனில் போட்ட படத்தின் பெயரைச் சொல்லும்.

ரெண்டு நாளுக்கு மூன்று இடம் போதும். கோவில்பட்டியை நடுவில் வைத்துக்கொள். மேற்கே சங்கரன்கோவில் ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் கழுகுமலை. கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் சுமாரில் எட்டயபுரம். தெற்கே நாற்கர சாலையில் முதலில் இடைசெவல், அப்புறம் கயத்தாறு. சனிக்கிழமைக்கு மேற்கு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கிழக்கு என்று பிரித்துவிட்டால் போன ரோட்டிலேயே திரும்பத் திரும்ப ஓட வேண்டாம். மூன்றாவது இடம் பாஞ்சாலங்குறிச்சியா கயத்தாறா என்பதை ஞாயிறு மத்தியானம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மாசமும் பொழுதும்

தை மாசம் வருகிறேன் என்றாயே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. நம்முடையது மானாவாரிப் பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, கார்த்திகை மார்கழியில் பச்சை கட்டி, தையிலும் மாசியிலும் வெள்ளாமை வீடு வருகிற காடு. நீ வருகிற நேரத்தில் ரோட்டின் ரெண்டு பக்கமும் உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, மல்லி, மிளகாய், அங்கங்கே சூரியகாந்தி என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மாசி, பங்குனிக்கு வந்தால் பருத்தி வெடித்து நிற்பதைப் பார்க்கலாம். சித்திரை, வைகாசிக்கு யாரையும் கூப்பிட மாட்டேன். அப்போது காடு வெடிப்பு விட்டுக் கிடக்கும். பிள்ளையின் கை உள்ளே போகிற அளவு வெடிப்பு. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் வெக்கை தாங்காது.

ஐப்பசி மழையில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். கரிசல் நனைந்தால் களிதான். செருப்பை இழுத்துக்கொள்ளும், நாலு எட்டு வைத்தால் காலில் ஒரு படி மண் ஏறிவிடும். போட்டோ எடுக்கலாம் என்று தார் ரோட்டை விட்டுக் காரை இறக்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். வண்டியை ரோட்டிலேயே ஓரமாக நிறுத்தி, இறங்கி நடக்கச் சொல்.

எந்த மாசமாக இருந்தாலும் இங்கே பொழுதை வகுப்பது வெயில்தான். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை பாறையும் வெட்டவெளியும். பத்தரைக்கு மேல் கூரைக்கடியில் இருக்கிற இடங்கள். உச்சிப்பொழுதில் சாப்பாடும் ஒரு மணி நேரத் தூக்கமும். நாலு மணிக்கு மேல் மறுபடி வெளியே. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மிச்சத் திட்டமெல்லாம் தானாக அமையும். நான் ஒருதரம் அம்மாவைக் கழுகுமலைக்கு மத்தியானம் பதினோரு மணிக்கு மேல் ஏற்றிவிட்டேன். செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து பத்தடி நடக்க முடியாமல் அம்மா முந்தானையைக் கீழே போட்டு அதன்மேல் நின்றார்கள். அன்றிலிருந்து அந்த மலைக்கு விடிந்தும் விடியாமல்தான் போகிறேன்.

வருவதும் சுற்றுவதும்

சென்னையிலிருந்து வெள்ளி ராத்திரி ரயில் ஏறினால் சனி விடிகாலை கோவில்பட்டி. நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரெண்டுமே இங்கே நிற்கும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. பொங்கலை ஒட்டிய வெள்ளிக்கிழமை என்றால் திறந்த அன்றைக்கே காலையில் உட்கார்ந்து போட்டுவிடு, மறுநாளைக்குத் தள்ளாதே. பஸ்ஸில் வருகிறவர்கள் ஏறும்போதே கண்டக்டரிடம் "ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே இறக்கிவிடுவீங்களா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தூரத்து பஸ்கள் பல நாற்கர சாலையோடு போய்விடும். ராத்திரி மூன்று மணிக்குப் பெட்டியும் பிள்ளையுமாக பைபாஸில் நிற்பது நல்லதில்லை.

உனக்கு வீடு இருக்கிறது. மற்றவர்கள் கோவில்பட்டியிலேயே லாட்ஜ் போட்டுக்கொள்ளட்டும். கழுகுமலையிலோ எட்டயபுரத்திலோ தங்க முயல வேண்டாம். ரூம் போடும்போது காலை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று முதலிலேயே போனில் பேசிவிட வேண்டும். நீங்கள் வந்து இறங்குவது விடிகாலையில், முகம் கழுவிப் பையை வைக்க ஓர் இடம் உடனே வேண்டும்.

தனி ஆள் என்றால் டவுன் பஸ்ஸே போதும், ரெண்டு பக்கமும் பஸ் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு வருகிற உனக்குக் கார்தான் சரி. வாடகை பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, டிரைவர் பேட்டாவும் டோலும் யார் பொறுப்பு என்று கேட்டு வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள். மலை அடிவாரத்தில் ரெண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடு. இதில் மாப்பிள்ளை கூச்சப்படுவார். நீ பேசு.

கழுகுமலை: சனிக்கிழமை விடியலில்

இந்த ரெண்டு நாளில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் வெட்டுவான் கோயிலைத்தான் சொல்வேன்.

மலைமேல் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் போனால் முதலில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும், காலடிக்குக் கீழே ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு கோயில். பாறையைச் சுற்றிலும் சதுரமாக, இருபத்தைந்து அடி சுமாருக்கு அகழ்ந்து, நடுவில் விட்ட ஒரே கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கல்லை அடுக்கிக் கட்டுகிற கோயிலுக்கு அஸ்திவாரம் முதலில், கலசம் கடைசியில். இங்கே முதல் வேலை உச்சி. எட்டாம் நூற்றாண்டின் பாண்டியர் காலத்துப் பணி இது. எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலும் ஏறக்குறைய அதே நூற்றாண்டில், அதே முறையில் மலையைக் குடைந்து எடுத்ததுதான். அது மிகப் பெரியது, முடிந்தது. இது சின்னது, முடியாதது. விமானம் முழுசாக இருக்கிறது. கீழே இறங்க இறங்க உளி பட்டும் படாமலும், அடியில் வெறும் பாறையாக நிற்கிறது.

பிள்ளைகளைக் கீழே இறக்கிவிடுவதற்கு முன்னால் மேல் விளிம்பில் உட்காரவை. விமானத்தின் மேல்தளச் சிற்பங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிவது அங்கிருந்துதான். வேறு எந்தக் கோயிலிலும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிற உயரத்தில் இருப்பவர்கள் இங்கே எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருப்பார்கள். சிவனும் உமையும் பேசிக்கொண்டிருப்பார்கள். தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் போட்டி வை. கோயில் கிழக்கு பார்த்தது, அதனால் காலை வெயில் முகத்தில் விழும்போது கல்லின் சிரிப்புகூடத் தெரியும். மத்தியானம் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும்.

உன் எக்காளக்காரன் கதைக்கு ஈடாக இங்கேயும் ஒரு கதை உண்டு. அப்பா மேலே சமணச் சிற்பங்களை வடிக்க, மகன் தனியாகக் கீழே இந்தக் கோயிலை வெட்டினானாம். ஊரே மகன் வேலையை மெச்சியதைப் பொறுக்காத அப்பன் கையில் இருந்ததை வீச, மகன் விழுந்தான், கோயில் நின்றுவிட்டது என்று சொல்வார்கள். கதைதான். ஆனாலும் முடியாமல் விட்ட அடிப்பாறைக்கு முன்னால் நின்று கேட்கும்போது பெரியவன் கண்டிப்பாக உன்னிடம் அந்தக் கிராக்கோவ் சத்தத்தைப் போடச் சொல்வான். போனில் வைத்திரு.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சமணச் சிற்பங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாக நூற்றைம்பது உருவங்கள் அளவுக்கு இருக்கின்றன. தீர்த்தங்கரர்கள், பாம்புக் குடையோடு பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா இயக்கி. நிறைய உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. இன்ன ஊர்க்காரர் செய்வித்தது என்று சாதாரண ஜனங்களின் பெயர்கள். குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் சமண ஆசிரியர்களும் அவற்றில் வருகிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காட்டில் பெண்கள் குருவாக இருந்து, மாணாக்கர் வைத்து, தங்கள் பெயரைக் கல்லில் விட்டுப் போயிருக்கிறார்கள். உன் மகளிடம் இதைத் தவறாமல் சொல். பக்கத்திலேயே அய்யனார் இருக்கிறார், இன்றைக்கும் பூசை உண்டு. சிற்பங்களைத் தொடாதே, சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தை நிரப்பாதே என்று பிள்ளைகளுக்கு அடிவாரத்திலேயே சொல்லிவிட்டால் மேலே அதட்ட வேண்டியிருக்காது.

இறங்கியதும் கழுகாசலமூர்த்தி கோயில். மலையைக் குடைந்த குகைக்குள் முருகன். மலையே விமானம் என்பதால் தனி விமானம் கிடையாது. அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்த முருகனைத்தான். உச்சிக்கு நடை சாத்துவார்கள், அதனால் மலையில் எத்தனை நேரம் இருந்தாலும் பத்துமணிவாக்கில் கோயிலுக்குள் நுழைந்துவிடு. தைப்பூசத்தன்றும் பங்குனி உத்திரத்தன்றும் வருகிறவர்கள் சாமிக்காக வரட்டும். சிற்பம் பார்க்க அந்த நாட்கள் ஆகாது.

மத்தியானமும் சாப்பாடும்

பன்னிரண்டுக்கு வீடு திரும்பிவிடு. கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைக்கிறேன். பிள்ளைகளுக்குத் தனியாக ரசம். ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் சாதம் சூடாகக் கிடைக்கும். ராத்திரிக்கு பரோட்டா, சால்னா எங்கேயும் கிடைக்கும், அதைத் தேட வேண்டாம். வெயில் காலத்தில் வருகிறவர்கள் ரோட்டோரத்து நுங்கையும் பதநீரையும் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பொழுது ஏறினால் பதநீர் புளித்துப்போகும். சாத்தூர்ப் பக்கம் வந்தால் வெள்ளரியும் காராச்சேவும் வாங்காமல் வருவது எனக்கு மனசு கேட்காது.

ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள். இதை ஏமாற்றாதே. மத்தியானத் தூக்கம் போட்ட பிள்ளை சாயங்காலம் கேள்வி கேட்கும், தூங்காத பிள்ளை சிணுங்கும்.

சாயங்காலம் கோவில்பட்டிக்குள்

வெயில் தாழ இடைசெவல் போவோம், காரில் கால் மணி நேரம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது, கூட்டாளிகள். அழகிரிசாமிக்கு 1970-இல் சாகித்திய அகாதமி விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கி.ரா.வுக்கு 1991-இல் வந்தது. புதுச்சேரியில் 2021 மே மாசம் காலமான கி.ரா.வை இடைசெவலுக்குத்தான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்தே பூமணிக்கும் சோ. தர்மனுக்கும் அதே விருது பிறகு வந்தது. மழை பொய்க்கிற பூமியில் இத்தனை எழுத்து விளைந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்பார். தெரு இருக்கிறது, ஊர் மடம் இருக்கிறது, காடு இருக்கிறது. அதனால்தான் ரயிலில் வரும்போதே அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையையும் கி.ரா.வின் 'கதவு' கதையையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிடு என்கிறேன். ரெண்டும் சின்னக் கதைகள், பிள்ளைகளைப் பற்றியவை. படிக்காமல் போனால் இடைசெவல் வெறும் ரோட்டோரக் கிராமம். திரும்பி வந்து கோவில்பட்டியில் 2022 முடிவில் திறந்த கி.ரா. நினைவரங்கத்தைப் பார்க்கலாம். நினைவில்லங்களுக்கும் அரங்கங்களுக்கும் வார விடுமுறை உண்டு, நேரமும் மாறும். முந்தின நாளே போனில் கேட்டுக்கொள்வது நல்லது. உனக்காக நான் கேட்டு வைக்கிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் செண்பகவல்லி அம்மன் கோயில். அதற்கப்புறம் கடைத்தெரு.

கடலை மிட்டாய் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கிராக்கோவில் தெருவண்டியில் விற்கிற வளைய ரொட்டி, தண்ணீரில் போட்டு எடுத்துப் பிறகு சுடுவது, ஐரோப்பாவே அந்த ஊர்ப் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்த பண்டம் என்று 2010-ஆம் வருஷக் கணக்கெல்லாம் சொல்லி எனக்குப் படம் அனுப்பினாய். நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசலில் விளைந்த நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். கடலையை வறுத்து, தோல் நீக்கி, உடைத்து, வெல்லப் பாகு பதம் வந்ததும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் தட்டிப் பரப்பி, மேலே ரோஸ், பச்சை, மஞ்சளில் தேங்காய்த் துருவல் தூவி வில்லை போடுவார்கள். பாகு பதம் ஒரு நிமிஷம் தப்பினால் பல்லில் ஒட்டும், இல்லையென்றால் பாகு கசக்கும்.

வாங்கும்போது ஒரு வில்லையை உடைத்துப் பார். சட்டென்று சத்தத்தோடு உடைய வேண்டும். வளைந்தால் வேண்டாம். தயாரித்த தேதியைப் பார். சனிக்கிழமை சாயங்காலம் தின்பதற்கு மட்டும் வாங்கு. ஊருக்குக் கொண்டுபோவதை ஞாயிறு கிளம்பும்போது வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போடு. சென்னை ஈரக் காற்றில் ரெண்டு நாள் திறந்து கிடந்தால் நமுத்துவிடும். ஜெர்மனிக்கு எடுத்துப்போவதைத் துணி நடுவில் வை, நொறுங்காது.

தீப்பெட்டி ஆபீஸ் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்கும். மருந்து புழங்குகிற இடம், வெளி ஆட்கள் போகக் கூடாது, போக முயலவும் கூடாது. மழையை நம்ப முடியாத காட்டில் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிக் குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தது அந்தக் குச்சிதான் என்று சொல். விதவிதமான தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து நான் ஒரு ஆல்பம் வைத்திருக்கிறேன், வீட்டில் காட்டுகிறேன்.

எட்டயபுரம்: ஞாயிறு காலை

எட்டரைக்குக் கிளம்பினால் போதும். சின்ன ஊர், இடங்களெல்லாம் பக்கம் பக்கம். முதலில் பாரதி பிறந்த வீடு. 1882 டிசம்பர் 11. ஓட்டு வீடு, முற்றம், குளிர்ச்சியான தரை. புகைப்படங்களைப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிடாதே. முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அவர் அப்பாவைப் பற்றிச் சொல். சின்னசாமி ஐயர் இந்தக் கரிசல் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்தார். அது நொடித்துப்போய்க் குடும்பமே கடனில் விழுந்தது. 1898-இல் அவர் இறந்தார், பையன் காசிக்குப் போனான். வரும் வழியில் பருத்திச்செடியைக் காட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு இது பிடிபடும். பதினோரு வயதில் அவருக்குப் 'பாரதி' என்று பட்டம் கொடுத்ததும் இந்த ஊர்ச் சபைதான்.

அடுத்து மணிமண்டபம். கல்கி தம் பத்திரிகை வாசகர்களிடம் பணம் திரட்டி எழுப்பியது. 1945-இல் அடிக்கல் நாட்டி, நாடு விடுதலையான ரெண்டாவது மாசம், 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்தார். ஓரணா, ரெண்டணா என்று சேர்ந்த கட்டடம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

நிறையப் பேர் பாரதியோடு திரும்பிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளி நாளில் இந்த ஊரில்தான் காலமானார். அவருடைய சமாதி அட்டக்குளத்துக் கரையில் இருக்கிறது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர், கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று பெயர்பெற்றவர், இங்கே ஆஸ்தான வித்வான். அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை இதே ஊரிலிருந்து வெளியிட்டார். தீட்சிதர் எட்டயபுரம் வரும் வழியில் காடு காய்ந்து கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்று ஒரு கதை உண்டு. சமாதி வாசலில் போனில் அந்தக் கீர்த்தனையைக் கொஞ்சம் போடு. சத்தம் குறைவாக.

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் எட்டயபுரம்தான். தர்காவும் அவருக்கான மணிமண்டபமும் உண்டு. தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொள். நபியின் வாழ்க்கையைத் தமிழ்க் காப்பியமாகப் பாடியவர், சமஸ்கிருதக் கீர்த்தனைக்காரர், சுதந்திரப் பாட்டுக்காரர், மூன்று பேரையும் ஒரு காலையில் நடந்தே பார்க்க முடிகிற ஊர் வேறு எனக்குத் தெரியாது.

மூன்றாவது இடம்

பிள்ளைகள் தெம்பாக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சி. ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்கிற கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை என்று முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லையென்றால் பெரியவன் ஏமாந்துபோவான். பழைய மண்கோட்டையை 1799 செப்டம்பரில் கம்பெனிப் படை தாக்கியது. 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை சில நாளிலேயே திரும்ப எழுப்பினான், அந்த மே மாசம் மறுபடியும் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. பக்கத்தில் அந்தச் சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் உண்டு. அதையும் காட்டு. வீரசக்கதேவி கோயில் திருவிழா நடக்கிற மே மாச வாரத்தில் வாகனக் கட்டுப்பாடு இருக்கும், அப்போது வேண்டாம்.

பிள்ளைகள் களைத்திருந்தால் கயத்தாறே போதும். கோவில்பட்டியிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர். அவராகத் திரையில் நடித்த சிவாஜி கணேசன் சொந்தச் செலவில் அங்கே சிலை வைத்தார். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கும், சின்னவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் கவனமாகப் பேசு. எட்டயபுரத்துப் பாளையக்காரர் வெள்ளையர் பக்கம் நின்றார், அதனால் 'எட்டப்பன்' என்ற பெயரே ஊரில் வசவாகிவிட்டது. அதே சமஸ்தானம்தான் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தது. காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றும் கேட்கிற பிள்ளை குழம்பும். ரெண்டையும் சொல். எட்டயபுரத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் அந்த வசவைக் கேட்டு வளர்கிறவர்கள்தான் என்பதையும் சொல்.

பாஞ்சாலங்குறிச்சி போனால் கோவில்பட்டிக்குத் திரும்பி வராதே. அங்கிருந்து தூத்துக்குடி கிட்டம். முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியில்தான் ராத்திரி புறப்படுகிறது, டிக்கெட்டை அங்கிருந்தே போட்டுவிடு. போலந்தில் பூமிக்குள் இறங்கிப் பாறை உப்பைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் கடல்தண்ணீரை உப்பாக்குவதைக் காட்டின மாதிரியும் ஆகும். பெட்டியைக் காலையிலேயே காரில் ஏற்றிவிட வேண்டும், மறக்காதே.

பையில் என்ன

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அரை நாளுக்கு. கழற்றி மாட்ட லேசான செருப்பு, வார் போட்ட ஷூ வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ், கல் சுட்டால் போட்டுக்கொள்ள. குடை ஒன்று, பருத்தித் துணிகள், விடியக்காலைப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர். சில்லறை. கிளம்புகிற இடத்திலேயே பாத்ரூம் போய்விட்டு ஏறுங்கள், வழியில் சுத்தமான கழிப்பறை கிடைப்பது அரிது. நாப்கின், பழைய பேப்பர், ஒரு பை குப்பைக்கு. கண்ணாடி போட்டுப் பார்க்கிற மாப்பிள்ளைக்குச் சிற்பம் பார்க்க ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துவரச் சொல்.

கம்பு ஊறப்போட வேண்டும், அதனால் வருகிற தேதியை இந்த வாரத்துக்குள் சொல். ரயில் சாத்தூர் தாண்டியதும் ஒரு போன் அடி. இருட்டாகத்தான் இருக்கும், ஆனாலும் பிள்ளைகளை எழுப்பி ஜன்னல் பக்கம் உட்காரவை. நான் ஸ்டேஷனில் நிற்கிறேன்.